மேடை ஒளியமைப்புப் படம் அச்சில் மங்காமல் வர

கணினியில் உருவாக்கி, திரையில் பளிச்சென்று இருக்கும் மேடை ஒளியமைப்புப் படம் அச்சில் மங்கலாக வந்தால், முதலில் பிக்சல் கணக்கைப் பாருங்கள். டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) என்ற இடத்தில் 300 என்று போட்டால் மட்டும் போதாது. எத்தனை பிக்சல் அகலம், உயரத்தில் ரெண்டர் செய்கிறோம், அதாவது மென்பொருளைக் கணக்கிட்டுப் படமாக்க வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஏ3 தாளில் 300 டிபிஐ வேண்டுமென்றால் 4961 × 3508 பிக்சல். அதே படத்தை ஏ1 அளவில் அடித்தால் சுமார் 150 டிபிஐ கிடைக்கும். சுவரில் மாட்டி, சற்றுத் தள்ளி நின்று பார்க்க அது தாராளம்.

உண்மையான சிக்கல் புகையில்தான். ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிவதே புகையால்தான். புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்புவதும் அங்கேதான். நேரம் பிடித்தாலும் பரவாயில்லை, சாம்பிள் எண்ணிக்கையை, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளைக் கூட்டுங்கள். இரைச்சலை நீக்கும் டீநாய்சரை மட்டும் நம்பி அதன் அளவை ஏற்றி வைத்தால், கற்றையின் ஓரமும் கோபோ (விளக்கில் பொருத்தும் வடிவத் தகடு) விழுத்தும் வடிவமும் மழுங்கிவிடும். முழுப் படத்தையும் ஓட்டும் முன், கோபோ வடிவம் தரையில் விழும் பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே ரெண்டர் செய்து, 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள்.

சேமிக்க ஜேபெக் வேண்டாம், 16 பிட் டிஃப் நல்லது. பிறகு வெளிச்சத்தைத் திருத்தினாலும், கற்றை இருளில் கரையும் இடம் பட்டை பட்டையாக உடையாது.

அப்புறம் நிறம். ஆழ்ந்த நீலமும் ஊதாவும் அச்சில் பயன்படும் சிஎம்ஒய்கே நான்கு நிற மையில் அப்படியே வராது. அச்சகத்திடம் நிற புரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) வாங்கி, சாஃப்ட் புரூஃபில், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தில் பார்த்துவிடுங்கள். தாள் திரையைப்போல ஒளிராது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கொஞ்சம் ஏற்றி, ஒரு சின்னத் துண்டை அச்சடித்துப் பார்த்த பிறகு முழுத் தாளுக்குப் போகலாம்.