4-1-1980க்குத் தாவிய பழைய 486 கணினி

2000ஆம் ஆண்டை இந்தக் கணினி ஏற்குமா என்று பார்க்க, டாஸ் இயங்குதளத்தில் 31-12-1999, 23:58 என்று வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நள்ளிரவு தாண்டியதும் 1-1-2000 சரியாகவே வந்தது. ஆனால் அணைத்துப் போட்டால் 4-1-1980!

பேட்டரி என்று நினைத்து மாற்றினேன், பலனில்லை. பேட்டரி போயிருந்தால் ஹார்ட் டிஸ்க் அமைப்பும் அழிந்திருக்கும்; அது அழியாமல் இருந்ததை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். கணினி துவங்கும்போது தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பையும் துழாவியதில் இரண்டு நாள் போனது.

விஷயம் இதுதான்: கடிகாரச் சிப் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டுமே நகர்த்துகிறது. நூற்றாண்டு, சிமாஸ் என்ற பேட்டரியில் ஓடும் சிறு நினைவகத்தில் தனி பைட். அது 19 ஆகவே நின்றதால் கணினியைத் துவக்கும் நிரலான பயாஸ் 1900 என்கிறது. டாஸுக்கோ 1980க்கு முன் தேதியே கிடையாது, அதனால்தான் 4-1-1980க்குத் தாவுகிறது.

டேட் கட்டளையில் ஆண்டை 2000 என்று நான்கு இலக்கமாக ஒருமுறை அடித்தேன், நூற்றாண்டு பைட்டும் 20 ஆனது. அணைத்துப் போட்டேன், தேதி நின்றது. அப்பாடா! அப்புறம் 29-2-2000 வைத்துப் பார்த்தேன், அதையும் ஏற்றுக்கொண்டது.