பாழடைந்த கட்டடத்தில் முதலில் தண்ணீரின் வழியைத் தேடுங்கள்

கைவிடப்பட்ட பழைய கட்டடத்துக்குள் போனதும் நான் கேமராவை வெளியே எடுப்பதில்லை. அண்ணாந்து பார்ப்பேன். கூரை எங்கே பிளந்திருக்கிறது, மழை எந்தச் சுவரில் இறங்கியிருக்கிறது என்று தேடுவேன். இப்படிப்பட்ட கட்டடங்களைப் பெரும்பாலும் அழிப்பது தண்ணீர்தான். நல்ல படமும் அது போன வழியில்தான் கிடைக்கும்.

உங்கள் உயிருக்கும் இது முக்கியம். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே மரத்தளம் உளுத்துப்போயிருக்கலாம். அங்கே கால் வைக்காதீர்கள். உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு பகலில் போங்கள். புறா எச்சம், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு இரண்டுமே நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணத் துணி முகமூடி போதாது. கல்நார் இருப்பது தெரிந்தால் உள்ளே போகவே வேண்டாம்.

சரி, சுவருக்கு வருவோம். ஈரம் காயும்போது உள்ளிருக்கும் உப்பு வெளியே வந்து பூக்கும். அந்த உப்புதான் பூச்சைப் பொரியவைத்து, பெயின்டைச் சுருள் சுருளாக உரித்துத் தள்ளுகிறது. இதை நேருக்கு நேர் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெறும் கறை மாதிரிதான் தெரியும். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும் நேரம்வரை காத்திருங்கள். அது வாய்க்காவிட்டால் ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு சுருளுக்கும் கீழே நிழல் விழுந்து, பழைய பெயின்ட் அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும்.

டிரைபாட் கட்டாயம். லென்ஸ் துளையை எஃப்/8, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று வைத்துக்கொண்டு ஷட்டர் எத்தனை நொடி கேட்டாலும் கொடுங்கள். 2 நொடி டைமர் போட்டால் கை பட்டு அசையாது. ஜன்னல் வெளுத்து, அறை இருண்டு வருகிறதா? இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரியும்படி இழுத்துவிடாதீர்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

தண்ணீருக்குப் பதில் மணல் ஆளும் இடங்களும் உண்டு. நமீபியாவின் கோல்மான்ஸ்கோப் வைரச் சுரங்க ஊர்; 1956-க்குள் காலியாகிவிட்டது. வீடுகளுக்குள் மணல் இடுப்பளவுக்கு ஏறிக் கிடக்கிறது. அங்கே போனால் வாசலில் நின்றே முதல் படத்தை எடுத்துவிடுங்கள். உள்ளே இரண்டடி வைத்தாலும் படத்தில் உங்கள் செருப்புத்தடம்தான் முதலில் தெரியும்.

உடைந்த நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுவது, எங்கிருந்தோ ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைப்பது, இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. பார்த்தாலே தெரிந்துவிடும். தூசியில் அந்த நாற்காலி விட்ட தடமே பல சமயம் நாற்காலியைவிட நல்ல படம்.

அப்புறம், படத்தை வெளியிடும் முன் அதில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். பூட்டு உடைப்பவர்களும் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.