ஜெர்சிக்கும் பேனருக்கும் கோண வெட்டுத் தமிழ் எழுத்துரு செய்வது எப்படி

வியாசர்பாடிப் பக்கம் ஃபுட்பால் ஆடும் பையன்கள் இப்போது முதுகில் பெயரைத் தமிழில் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் முறுக்கான கோண எழுத்துகள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில் தேடினால் கல்யாணப் பத்திரிகைக்கான வளைந்த எழுத்துதான் கைக்கு வருகிறது. அதனால் நானே ஒன்று செய்தேன். கோணம் தமிழுக்கு ஒட்டாது என்பவர்கள் மதுரை அருகே மாங்குளம் பாறையில் உள்ள தமிழ் பிராமியை, அதாவது தமிழின் பழைய எழுத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நேர்க்கோட்டு வெட்டுதான்.

வரைய இங்க்ஸ்கேப், எழுத்துருவாக்க ஃபான்ட்ஃபோர்ஜ். இரண்டும் இலவசம். எழுத்துரு செய்யும் கிளிஃப்ஸும் அருமையான கருவி, ஆனால் மேக்கும் வேண்டும், காசும் வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் பார்க்கப் பழசாகத் தெரியும்; வேலை சுத்தம். இன்ஸ்டால் செய்வதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

1. ட, ப

எம் அளவு, அதாவது எழுத்தை வரையும் கட்டத்தின் உயரம், 1000 அலகு. முதலில் ட, அப்புறம் ப. இரண்டும் பிறவியிலேயே கோண எழுத்துகள். ட கோட்டின் தடிமனைச் சொல்லிவிடும், ப உள்வெள்ளையின் அகலத்தை. என் அளவு: நிற்கும் கோடு 180, படுக்கும் கோடு 150. இரண்டையும் ஒரே தடிமனில் வைத்தால் படுக்கைக் கோடு கண்ணுக்குக் கனமாகத் தெரியும். மூலை வெட்டு எல்லா இடத்திலும் 45 டிகிரியே இருக்கட்டும். ஒரு எழுத்தில் 45, இன்னொன்றில் 60 என்று போனால் இரண்டு எழுத்துருக்களைக் கலந்த மாதிரி ஆகிவிடும்.

2. சுழி

தடித்த தமிழ் எழுத்து பிழைப்பதும் சாவதும் இங்கேதான். ண, ன, ஞ, ழ, ே எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும். கறுப்பை வரைந்துவிட்டு ஓட்டைக்கு இடம் தேடாதீர்கள். முதலில் வெள்ளையை ஒரு சின்னச் சதுரமாக வையுங்கள், அதைச் சுற்றிக் கறுப்பைக் கட்டுங்கள். ஓட்டை 60 அலகுக்குக் கீழே போகக் கூடாது. 1000 அலகு 5 செ.மீ. என்று வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) வெட்டினால் 60 அலகு 3 மி.மீ. அதற்கும் குறைந்தால், ட்வீசரால் துண்டை உரிக்கும்போது பக்கத்துக் கோடும் சேர்ந்து எழுந்து வரும்.

ன-வைவிட ண-வுக்கு ஒரு வளைவு அதிகம். இரண்டையும் ஒரே அகலத்தில் அடக்க நினைக்காதீர்கள். ண-வுக்குத் தாராளமாக இடம் கொடுத்து, நடுக்கோட்டை மட்டும் 180-லிருந்து 140-க்கு இளைக்க வையுங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இளைத்தது தெரியாது, எழுத்து தெளிவாகத் தெரியும்.

3. வண்ணாரப்பேட்டை

இந்த ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். ‘ண்ணார’ என்ற இடத்தில் துணைக்காலும் ர-வும் ஒட்டி வருகின்றன. கோண எழுத்தில் இரண்டும் ஒரே கம்பமாகி, படிப்பவர் தடுமாறுவார். ர-வின் காலை எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே இடப்பக்கமாக 45 டிகிரியில் சாய்த்து இறக்குங்கள். துணைக்கால் அடிக்கோட்டிலேயே நிற்கட்டும். புள்ளி சதுரமாக, கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். சதுரத்தைத் திருப்பி வைரமாக நிறுத்தினால் திரையில் அழகு, பேனரில் காணாமல் போகும்.

அடுத்து ‘கொருக்குப்பேட்டை’. அது சரியாக வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

4. விதிகள்

18 மெய்க்கும் உகர, ஊகார வடிவங்கள் 36. இவற்றோடு டி, டீ. இவற்றைத் தனித்தனியாக வரைந்து, ஃபான்ட்ஃபோர்ஜின் ஃபான்ட் இன்ஃபோவில் லுக்கப்ஸ் பகுதியில் லிகேச்சராக (எழுத்தும் குறியும் சேர்ந்தால் ஒரே உருவம் காட்டும் விதியாக) சேர்க்க வேண்டும். அங்கே கேட்கும் எழுத்துமுறைக் குறி டிஎம்எல்2 (tml2), அம்சம் பிஎஸ்டிஎஸ் (psts). ெ முன்னால் நகர்வதற்கு விதி எழுத வேண்டாம், அதை எழுத்தமைக்கும் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். ணை, லை, றா போன்றவற்றுக்கு 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய தனி உருவங்களும் வேண்டாம்.

5. வெட்டுவதற்கு முன்

ஃபான்ட்ஃபோர்ஜில் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து ரிமூவ் ஓவர்லாப், பிறகு கரெக்ட் டைரக்‌ஷன். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்கள் திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும், ஆனால் வினைல் வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டர் உள்கோட்டையும் சேர்த்து வெட்டிவிடும். ஜெர்சியில் சூடாக்கி ஒட்டும் வினைல் என்றால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வெட்ட வேண்டும்.

பிறகு சேர்த்தது

‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்று பலர் கேட்டார்கள். எழுத்துருவில் கோளாறு இல்லை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் அமைப்புக்குள் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் ஆப்ஷன்ஸைத் திறந்துவிட்டு, பாராகிராஃப் பேனலில் தெற்காசிய கம்போசருக்கு மாறுங்கள்.

இன்னொன்று: சில டிடிபி கடைகளில் இன்னும் யூனிகோடு இல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களும் பழைய கோரல்டிராவும்தான் ஓடுகின்றன. அங்கே எழுத்துருக் கோப்பைக் கொடுத்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். வீட்டிலேயே இங்க்ஸ்கேப்பில் எழுதி, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள். கடைக்காரர் அளவை மட்டும் மாற்றினால் போதும்.