உப்புத் தண்ணீரும் என் வெண்டை விதையும்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிப்பதால், மொட்டை மாடித் தொட்டிகளில் வளர்த்த வெண்டைச் செடிகளின் இலை ஓரங்கள் கருகி, பாதிக்கு மேல் பூக்கும் முன்னரே பட்டுப்போயின. பிழைத்தவற்றின் விதையை மறுபோகம் ஊன்றியபோது குட்டை, நெட்டை, ஐந்து பட்டைக் காய், எட்டுப் பட்டைக் காய் என ஒவ்வொன்றும் ஒரு சாயலில் வந்தது. முதலில் வாங்கியது வீரிய ஒட்டு விதை; இரு வேறு ரகங்களைக் கலந்து எடுப்பதால், அதன் செடியில் எடுத்த விதை மறுபோகத்தில் ஒரே சாயலில் வராது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து இதை அறியாமல் விட்டது என் பிழை.

பின்னர் நாட்டு விதையை ஊன்றி, அதே உப்பு நீரையே ஊற்றி, கருகாமல் நின்ற 5 செடிகளை மட்டும் விதைக்கு விட்டேன். வெண்டைப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்றாலும், தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தையும் சேர்த்துவிடும் என்பதால், மறுநாள் விரியவிருக்கும் மொட்டின் நுனியை முந்தைய மாலையே தையல் நூலால் கட்டி, பூ வாடியதும் காம்பில் சிவப்பு நூலை முடிந்து அடையாளமிட்டேன். (அந்தக் காய் சாம்பாருக்குப் போய்விடாமல் காப்பதுதான் பெரும்பாடு.) வெள்ளை ஈ பரப்பும் நரம்பு மஞ்சள் நோய் தெரிந்த செடிகளைத் தயங்காமல் பிடுங்கினேன், ஐப்பசி மழையில் தொட்டிகளைத் திறந்தே வைத்து, மண்ணில் தங்கிய உப்பைக் கழுவவிட்டேன். இப்படித் தேர்ந்த நாட்டு விதையின் மூன்றாம் போகத்தில் 20 செடிகளில் 14 கருகாமல் காய்த்தன.