லிங்க் உடையாமல் இருக்க: இணைய முகவரி வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்லூரி நூலகத்தின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலையில் நானும் இருந்தேன். ஒவ்வொரு இதழுக்கும் முகவரி கொடுக்க வேண்டும். துறையின் பெயர், அப்புறம் பொறுப்பாளரின் முதலெழுத்து, வரிசை எண், கடைசியில் டாட் ஏஎஸ்பி என்று யோசிக்காமல் வைத்துவிட்டோம். மூன்றே வருடத்தில் அந்தத் துறை இன்னொரு துறையோடு சேர்ந்தது, பொறுப்பாளர் ஓய்வு பெற்றார், சர்வரும் மாறியது. அதற்குள் அந்த முகவரிகளை அடிக்குறிப்பில் போட்டு ஆய்வேடே அச்சிட்டுவிட்டார்கள். அச்சில் ஏறியதை யார் போய்த் திருத்துவது?

முதல் தவறு இதுதான். நாளைக்கு மாறப்போகிற எதையும் முகவரிக்குள் வைக்கக் கூடாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998இலேயே இதை எழுதி வைத்தார்: ஆசிரியர் பெயர், தலைப்பு வகை, 'புதியது', 'வரைவு' மாதிரி நிலை, கோப்பு வகை எல்லாம் மாறும், ஒரு பக்கம் உருவான தேதி மட்டும் மாறாது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'நூலக எண்' என்று ஒன்று உண்டு. அது நாவலா, நாளிதழா, யார் எழுதியது என்று அந்த எண் எதையும் சொல்லாது. அதனால்தான் பட்டியலில் ஆசிரியர் பெயரைத் திருத்தினாலும், வகையை மாற்றினாலும் எண் அப்படியே நிற்கிறது.

அடுத்தது, பெயரையும் இருப்பிடத்தையும் போட்டுக் குழப்புவது. இணையத் தரங்களை வகுப்பவர்கள் 1990களில் இரண்டையும் பிரித்தே வைத்தார்கள். ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்பதற்கு யூஆர்எல், அது எங்கே போனாலும் மாறாத பெயருக்கு யூஆர்என். நடைமுறையில் கோடு அழிந்துகொண்டே வந்தது. 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணம், ஒரே யூஆர்ஐ (இரண்டுக்கும் பொதுவான பெயர்) பெயராகவும் இருக்கலாம், இருப்பிடமாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. சரி, அதில் என்ன சிக்கல் என்றால், எச்டிடிபி என்று தொடங்கும் எதையும் மென்பொருள் போய்த் தட்டிப் பார்த்துவிடும். பக்கம் எந்த வகை என்று அடையாளம் சொல்லத்தான் எச்டிஎம்எல் பக்கங்களின் தலையில், வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் ஒரு முகவரி இருந்தது. அதை ஒவ்வொரு முறையும் இறக்கிப் பார்க்க வந்த மென்பொருள்களால் ஒரே நாளில் 13 கோடி கோரிக்கைகள் வரை குவிகின்றன என்று 2008இல் அந்த அமைப்பே சொன்னது. ஆகவே எச்டிடிபி முகவரியைப் பெயராக வைத்தால் அந்தக் கதவைத் தட்டுபவர்களுக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும்.

தமிழில் முகவரி வைக்கும்போது வரும் தவறுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் நம்மை மாட்டிவிடுபவை இவைதான். 'ஔவையார்', 'ஒளவையார்' இரண்டும் உங்கள் திரையில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். முதலாவதில் ஔ ஒரே எழுத்து. இரண்டாவதில் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். 'ஸ்ரீ'யும் அப்படித்தான், ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், எழுத்துகளுக்குக் கணினிக் குறி தரும் யூனிகோடில் 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு முகவரிகள். 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ உள்ளிட்டால் என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஔவையாரையும் ஸ்ரீயையும் அது தொடாது, அதற்கு நீங்களே விதி எழுத வேண்டும். தமிழ் எண் ௧ ககரம் போலவும், ௭ எகரம் போலவும் இருப்பதால் முகவரியில் தமிழ் எண்களையே விட்டுவிடுங்கள் என்பேன்.

நீளமும் ஒரு தொல்லை. 'அம்மா' என்ற மூன்றெழுத்து யூனிகோடில் 5 குறிகள், அந்தக் குறிகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். முகவரியாக நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளோடு 45 எழுத்தாக விரியும். தமிழ் விக்கிப்பீடியா குறுமுகவரி கொடுப்பது இதற்காகத்தான். இதற்குப் பயந்து தமிழையே விட்டுவிடச் சொல்லவில்லை. எண் முதலில், அதன் பின்னால் ஒரு சாய்கோடு, பிறகு படிப்பவருக்காகத் தமிழ்ப் பெயர் என்று வையுங்கள். சர்வர் எண்ணை மட்டும் பார்க்கட்டும், அப்போது பெயர் பாதியில் அறுந்தாலும் எழுத்துப் பிழையானாலும் சரியான பக்கம் திறக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். டொமைன் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. அதற்குப் பின்னால் வரும் பகுதியில் உண்டு, ஆகவே எல்லாம் சிறிய எழுத்து என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். எண்ணுக்கு நாலு இலக்கம் போதும் என்று கட்டிப்போடாதீர்கள். இணையத்தில் இணையும் கருவிகளுக்கு எண் முகவரி தரும், 32 பிட்டில் அமைந்த ஐபிவி4க்குச் சுமார் 430 கோடி முகவரிகள் இருந்தும் 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு காலியானது, புத்தகங்களுக்குத் தரும் 10 இலக்க ஐஎஸ்பிஎன் எண் 2007இல் 13 இலக்கம் ஆனது. நீக்கிய பக்கத்தின் எண்ணை இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுப்பது மிக மோசமான தவறு. பழைய லிங்க்கைத் தேடி வருபவர் வேறு எதையோ படித்துவிட்டு அதையே மேற்கோள் காட்டுவார். அந்த இடத்தில் 410 என்று பதில் வரட்டும், 'இது இருந்தது, இப்போது இல்லை' என்று அதற்குப் பொருள்.

எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கடைசியில் ஒரு அட்டவணைதான் கைகொடுத்தது. ஒரு பக்கம் பழைய முகவரி, மறு பக்கம் புதிய எண், நடுவில் 301 என்ற நிரந்தரத் திருப்பம். பழைய முகவரிகளின் பட்டியல் யாரிடமும் இல்லாததால், ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் பாதியை மீட்டோம்.