சாத்துக்குடி, பன்னீர், மொறுமொறு காய்கறி: வெயிலுக்கு ஒரு சாலட்

சித்திரை மாதம் காரைக்குடியில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்படிக்குள் நிற்க முடியாது. அதனால் இந்தச் சாலட்டில் அடுப்பு தேவைப்படும் ஒரே வேலையான பன்னீரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நான்கு பேருக்கான அளவு சொல்கிறேன்.

ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். பால் திரிந்து, லேசான பச்சை நிறத்தில் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் ஊற்றினால் பன்னீர் ரப்பர் மாதிரி ஆகிவிடும். வேட்டித் துணியில் வடிகட்டி, புளிப்புப் போக ஒருமுறை குளிர்ந்த தண்ணீர் விட்டு அலசி, முடிந்து, மேலே அம்மிக் குழவியை அரை மணி நேரம் வையுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய ஆகும்.

அடுத்து பழம். மூன்று சாத்துக்குடி, ஓர் ஆரஞ்சு. இந்தச் சாலட்டின் ருசி முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சாத்துக்குடியின் தோல் சுளையோடு ஒட்டியிருக்கும், கையால் உரித்தால் பிய்ந்துபோகும். மேலும் கீழும் சீவிவிட்டுப் பலகையில் நிறுத்தி, கூரான கத்தியால் மேலிருந்து கீழாக, வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வரும்படி தோலைச் சீவுங்கள். அந்த வெள்ளைதான் கசக்கும். அப்புறம் பழத்தைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சவ்வை ஒட்டியும் இரண்டு பக்கமும் கத்தியை இறக்கினால் சுளை மட்டும் கண்ணாடி மாதிரி கழன்று விழும். விதையை எடுத்துவிடுங்கள். கையில் மிஞ்சும் சவ்வைப் பிழிந்து சாற்றைத் தனியே வையுங்கள்.

ஒரு கேரட், இரண்டு முள்ளங்கி இரண்டையும் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கால் மணி நேரம் ஐஸ் தண்ணீரில் போடுங்கள். காய் தண்ணீரைக் குடித்து விறைத்துக்கொள்ளும், கடித்தால் சத்தம் கேட்கும். வெள்ளரிப் பிஞ்சு இரண்டு, சின்ன வெங்காயம் ஆறு, இவற்றை நறுக்கினால் போதும். ஊறிய காயை வடித்து, துணியில் ஒற்றி ஈரமே இல்லாமல் எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது.

பிழிந்த சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, செக்கு நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி கொரகொரப்பாக இடித்த மிளகு. ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம், நல்லெண்ணெய் வாசம் சாத்துக்குடிக்கு அவ்வளவு பொருத்தம். ஒரு பாட்டிலில் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள்.

உப்பு? அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதல்முறை நான் விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உப்புப் போட்டுப் பிசிறி வைத்துவிட்டேன். பரிமாறும்போது அடியில் தண்ணீர் நின்றது, வெள்ளரி துவண்டு கிடந்தது. உப்பு காயிலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும்.

ஆகவே இலை போட்ட பிறகு காய், சுளை, உதிர்த்த பன்னீர் எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் சேர்த்து, கலவையை ஊற்றி, உப்பும் கிள்ளிய புதினாவும் தூவி, சுளை உடையாமல் இரண்டு புரட்டு புரட்டுங்கள். மேலே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. மிளகுக் கோழி வறுவலுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், காரத்துக்கு அப்படி இதமாக இருக்கும்.

எல்லாரும் வந்து சேரவில்லை என்றால் அவர்கள் பங்கைக் கலக்காமல், காயும் சுளையும் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.