வெயில், மழை, குளிர் எல்லாம் ஒரே நாளில்: நகரப் பயணத்துக்குத் துணி எடுத்து வைப்பது எப்படி?

ஒருமுறை ஐந்து நாள் வேலைப் பயணத்துக்கு ஒரு ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் மதியம் வரை நல்ல வெயில். நாலு மணிக்குப் பிடித்த மழை, தங்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை விடவில்லை. ராத்திரி முழுக்க ஜீன்ஸை நாற்காலி மேல் விரித்துப் போட்டிருந்தும், காலையில் இடுப்புப் பட்டியும் பாக்கெட் மடிப்பும் சில்லென்று ஈரமாகவே இருந்தன. இரண்டாம் நாள் இன்னொரு ஜீன்ஸும் நனைந்தது. மூன்றாம் நாள் ஈரத்தோடுதான் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று பேசியதில் பாதி என் காதில் விழவில்லை, நடுங்காமல் உட்கார்வதே பெரும்பாடாக இருந்தது.

அதிலிருந்து பை கட்டும்போது ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது நனைந்தால் விடிவதற்குள் காயுமா? குளிர்ந்தால் மேலே இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஈரத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

முதலில் வானிலையைப் பார்த்துவிடுங்கள். போனில் தெரியும் சூரியன் படத்தையும் அதிகபட்ச வெப்பத்தையும் மட்டும் நம்பிப் பை கட்டக் கூடாது. மணிவாரியான கணிப்பைத் திறந்து பாருங்கள். தெளிந்த நாட்களில் பெரும்பாலும் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் குளிர் அதிகம். மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் வெப்பம் உச்சத்துக்குப் போகும். நீங்கள் வெளியே நடக்கும் நேரங்களில் எத்தனை டிகிரி என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு. மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்றால் நாளில் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் அங்கே மழை பெய்ய பத்தில் நான்கு பங்கு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். காற்றின் வேகத்தையும் விடாதீர்கள். 5 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது 0 டிகிரி போலத் தெரியும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே உள்ள தெருக்களில் காற்று இன்னும் வேகமாக வரும். கிளம்ப மூன்று நாள் முன்பு ஒரு தடவை, முந்தின ராத்திரி ஒரு தடவை பார்த்தால் போதும்.

அடுத்தது துணி வகை. பருத்தி வெயிலுக்கு இதமானது, நானும் வீட்டில் பருத்திதான் போடுகிறேன். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. நனைந்த துணி காயும்போது அதற்கு வேண்டிய சூட்டில் ஒரு பங்கை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. உடம்பை ஒட்டிய துணி ஈரமாக இருந்தால் மேலே எத்தனை போட்டாலும் குளிர் விடாததற்கு இதுதான் காரணம். அதனால் உள்ளே போடுவதற்கு மெல்லிய மெரினோ கம்பளி (மெரினோ ஆட்டின் மிருதுவான கம்பளி) பனியனோ பாலியஸ்டர் விளையாட்டு டீ-ஷர்ட்டோ எடுங்கள். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இரண்டு நாள் போட்டாலும் நாற்றம் வராது. பாலியஸ்டர் அதைவிடச் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் வேர்வை வாடை பிடித்துக்கொள்ளும், தினமும் அலச வேண்டும்.

கனமான ஒரே கோட்டு எடுத்துப் போவதைவிட மெல்லிய மூன்று அடுக்கு எப்போதுமே மேல். உள்ளே பனியன், நடுவில் ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ (பொசுபொசுவென்ற செயற்கைத் துணியில் தைத்த மேலாடை), வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். ரயிலுக்குள் சூடு, இறங்கினால் குளிர், அருங்காட்சியகத்துக்குள் மறுபடி சூடு என்று ஒரு நகரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலைமை மாறும். கனத்த கோட்டைக் கழற்றினால் நாள் முழுக்கக் கையில் சுமக்க வேண்டியதுதான். நடு அடுக்கு முன்பக்கம் முழுக்க ஜிப் வைத்ததாக இருக்கட்டும். தலை வழியாகக் கழற்றுவது கூட்டத்தில் பெரும் அவஸ்தை.

ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் தாங்கும் என்பதும் தண்ணீர் புகாது என்பதும் வேறு வேறு. முதலாவது தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். இரண்டாவது வகையில் 10,000 மில்லிமீட்டர் என்பது போல ஓர் அளவு போட்டிருப்பார்கள். எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி கசியாமல் தாங்கும் என்பதற்கான கணக்கு அது. மழையில் ஊர் சுற்ற 10,000 தாராளம். ஜாக்கெட்டைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பாருங்கள். தையல்மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் துணி நன்றாக இருந்தும் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

ஏற்கெனவே வீட்டில் ஜாக்கெட் இருந்தால் கிளம்ப ஒரு வாரம் முன்பே குளியலறையில் சோதித்துவிடுங்கள். தோள்பட்டையில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் நல்லது. துணி கருத்து, தண்ணீரைக் குடித்தால் தண்ணீரை ஒட்டவிடாத மேல்பூச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பல சமயம் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்துதான் அப்படி ஆகும். துணியில் தைத்திருக்கும் குறிப்பைப் படித்து, அதில் சொன்னபடி துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். அப்படியும் உருளவில்லையென்றால் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடியுங்கள். துணி மிருதுவாக்கும் திரவத்தை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இன்னொரு சோதனை: ஸ்வெட்டரைப் போட்டு, அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்குங்கள். தோளில் இழுத்தாலோ மணிக்கட்டுக்கு மேலே ஏறினாலோ ஒரு அளவு பெரியது வேண்டும்.

பேன்ட் இரண்டு போதும், இரண்டும் மெல்லியதாக, சீக்கிரம் காய்வதாக இருக்கட்டும். ஷூ ஒரு ஜோடி, முன்பே ஒரு மாதமாவது போட்டுப் பழகியது. அறைக்கும் அவசரத்துக்கும் லேசான செருப்பு. சாக்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம், நாளுக்கு ஒரு ஜோடியும் கூடுதலாக ஒன்றும் வையுங்கள். ஈர சாக்ஸோடு நாள் முழுக்க நடந்தால் கொப்புளம் நிச்சயம். ஷூ நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றுங்கள். ஹீட்டர்மேல் வைத்தால் பசை விட்டுவிடும்.

ஐந்து நாளுக்கு, 8 முதல் 22 டிகிரி வரை மாறும் ஊருக்கு என் பையில் இருப்பது: பனியன் இரண்டு, சட்டை இரண்டு, ஃப்ளீஸ் ஒன்று, ஜாக்கெட் ஒன்று, பேன்ட் இரண்டு, உள்ளாடை நான்கு, சாக்ஸ் ஆறு ஜோடி, ஒரு ஸ்கார்ஃப், ஒரு குல்லா, மடக்குக் குடை. இதில் நான் கைவிடவே மாட்டாதது ஸ்கார்ஃப். கழுத்தை மூடினால் உடம்பே தெம்பாகிவிடுகிறது, எடையும் கைப்பிடி அளவுதான். நிறத்தில் எல்லாச் சட்டையும் எல்லாப் பேன்ட்டுக்கும் பொருந்த வேண்டும். ஒன்றோடு மட்டும் சேர்கிற துணியை அங்கேயே அலமாரியில் திருப்பி வைத்துவிடுவேன்.

சுருட்டுவதா மடிப்பதா என்று என் தங்கைக்கும் எனக்கும் தீராத வழக்கு. பனியனும் சாக்ஸும் சுருட்டினால் இடம் மிச்சம், சட்டை மடித்தால்தான் கசங்காது என்பது என் கட்சி. கனமானதையெல்லாம் பயணத்தின்போது உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டும் குடையும் பையின் மேல்வாயில் இருக்கட்டும். இறங்கும்போதே மழை பெய்யலாம். பெரிய பையைத் தனியாக அனுப்புவதென்றால், கைப்பையில் முழுதாக ஒரு செட் துணி கட்டாயம்.

அங்கே போனபின் ராத்திரி வேலை ஒன்று உண்டு. பனியனை அலசிப் பிழிந்து, உலர்ந்த துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டுங்கள். அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினால் மிச்சத் தண்ணீரைத் துண்டு குடித்துவிடும். அப்புறம் குளியலறையில் மாட்டாமல் அறைக்குள் காற்று படும் இடத்தில் ஹேங்கரில் போடுங்கள், காலையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். கடைசி நாள் எது ஈரமாக இருந்தாலும் தனி பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்து உதறிக் கொடியில் போட்டுவிடுங்கள்.